அந்த நம்பர் என் பேர்லதான் இருக்கு

உட்காருங்கம்மா, இடம் இருக்கு. ஃபைலை மடியில வெச்சுக்கோங்க, கீழ வெச்சா யாராவது மிதிச்சுட்டுப் போயிடுவாங்க. ஜட்ஜம்மா சாப்பிடப் போயிருக்காங்க. ரெண்டேகாலுக்குத்தான் திரும்ப வருவாங்க. வந்ததும் முதல்ல என் கேஸைத்தான் கூப்பிடுவாங்களாம். அதுக்குள்ள யோசிச்சு ஒரு முடிவு சொல்லுங்கன்னு வக்கீல் என்னை இங்க உட்கார வெச்சுட்டுப் போயிருக்காரு. எனக்கு யோசிக்க என்ன இருக்கு.

உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்? பத்தொம்பதா. எனக்கு இருபத்தெட்டு. தீர்ப்பு வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னைக்கு வந்தது பாக்கிப் பணத்துக்கு. மாசாமாசம் தரேன்னு ஒத்துக்கிட்ட ஜீவனாம்சம் ஏப்ரல்லேருந்து வரல. நான் விடுவேனா, மனு போட்டுட்டேன்.

என் பேரு கோமளவல்லி. சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கம் வந்து தண்ணி லாரி கோமளான்னு கேளுங்க, யாரும் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரர், வீட்டுக்காரர்னு இப்ப சொல்லக்கூடாது, வாய் பழகிடுச்சு, ஏகாம்பரம்னு பேரு. நான் வந்தப்ப ஒரே ஒரு லாரி. அதையும் அவரே ஓட்டுவாரு. பிரியறப்ப மூணு லாரி. மிச்ச ரெண்டு லாரி எப்படி வந்துச்சு? நான் ஃபோன் எடுத்ததால வந்துச்சு.

செல்ஃபோன் வந்த புதுசுல ஒரு சிம் வாங்கப் போனோம். ஏதாவது அட்டை வேணும்னு கடைக்காரர் கேட்டாரு. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணும் இல்ல. என் பையில என்னோட வோட்டர் அட்டை இருந்துச்சு. அப்படித்தான் அந்த நம்பர் என் பேர்ல வந்துச்சு. அப்புறம் அதையே லாரி பின்னாடி எழுதினோம், சுவத்துல எழுதினோம், கரண்ட் கம்பத்துல ஒட்டினோம். எந்த வீட்டு சம்ப், தரைக்கடியில இருக்கற தொட்டி, எத்தனை லிட்டர் பிடிக்கும், எந்த சந்துல லாரி திரும்பாது, எந்த வீட்ல நாயைக் கட்டிட்டுத்தான் கேட் திறப்பாங்க, எல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்ற இடத்துக்குப் போவாரு, ஊத்துவாரு, வருவாரு.

ரெண்டரை வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வெச்சிருந்தேன். நான் என்னவோ சொல்லிட்டிருந்தேன், எங்க நாத்தனார் வீட்டு விஷயம். சாப்பிட்டுட்டே இருந்தவரு, "கோமளா, எனக்கு இது போதும்"னாரு. "ஏன், இன்னும் ஒரு கை சோறு போட்டுக்கோங்க"ன்னேன். "சோறு இல்ல. நான் தனியா இருந்துக்கறேன். சட்டப்படி பிரிஞ்சிடலாம்"னு சொல்லிட்டு எழுந்து கை கழுவப் போயிட்டாரு.

ஐம்பத்தேழு வயசு ஆளு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. சுபாஷினின்னு பேரு, ஓசூர்ல இருக்கா. இந்த வயசுல ஒருத்தர் இப்படிச் சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க? வேற யாரோ இருக்கான்னுதானே. நானும் அதைத்தான் நினைச்சேன். ஆறு மாசம் தேடினேன்மா. லாரி கேபினை அலசினேன். சட்டைப் பையில இருந்த துண்டுச் சீட்டை எல்லாம் படிச்சேன். எங்ககிட்ட பச்சையப்பன்னு ஒரு டிரைவர், பதினேழு வருஷமா இருந்தான். அவனைக் கூப்பிட்டு வெச்சுக் கேட்டேன். "அண்ணனா? சும்மா இருங்க அண்ணி"ன்னான்.

கடைசியா ஒரு நாள் சாயந்திரம் ஆட்டோ வெச்சுக்கிட்டுப் பின்னாடியே போனேன். மனுஷன் டீ குடிச்சாரு. நேரா ஏரிக்கரைக்குப் போனாரு. ஒரு கல்லு மேல உட்கார்ந்தாரு. யாராவது வருவா வருவான்னு நானும் ஆட்டோவுக்குள்ளயே இருக்கேன். ஒருத்தரும் வரல. ஒரு மணி நேரம் தண்ணியையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. அவ்வளவுதான். ஆட்டோக்காரருக்கு முந்நூறு ரூபா குடுத்தேன்.

வேற ஒருத்தி இருந்திருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்மா, சத்தியமா சொல்றேன். போய் அவ முடியைப் பிடிச்சிருப்பேன். ஊர்ல நாலு பேரு என் பக்கம் பேசியிருப்பாங்க. யாருமே இல்லாம, சும்மா, ஒரு கல்லு மேல உட்கார்றதுக்காக என்னை வேணாம்னு சொன்னா அதை நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?

இங்கதான் கவுன்சலிங்குன்னு ஒரு மேடத்துக்கிட்ட அனுப்பினாங்க. உங்களையும் அனுப்புவாங்க. ஆளுக்கு அரை மணி நேரம் பேசலாம்னாங்க. எனக்கு அரை மணி எப்படிப் போதும், இருபத்தெட்டு வருஷமாச்சே. அவர் நேரத்தையும் நானே எடுத்துக்கிட்டேன். கடைசில அந்த மேடம் அவரைப் பார்த்து, "நீங்களும் ஏதாவது சொல்லுங்க சார்"னாங்க. "அவங்க நல்லவங்கதான் மேடம். எனக்கு வீடு சத்தமா இருக்கு"ன்னாரு.

வீடு சத்தமா இருக்குன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. வீட்ல இருந்ததே ரெண்டு பேரு. டிவி கூடப் போடறதில்ல, எனக்குப் பிடிக்காது. அந்த மேடமும் ஒண்ணும் புரியாத மாதிரி எழுதிக்கிட்டாங்க.

சரி, போகட்டும்னு கையெழுத்துப் போட்டேன். வீடு அவங்க அப்பா மனையில கட்டினது, அது அவருக்கு. லாரி மூணும் அவருக்கு. எனக்கு என் நகையும் மாசம் பதினஞ்சாயிரமும். மேடவாக்கத்துல ஒரு மாடி ரூம் பிடிச்சேன், வாடகை ஏழாயிரம். சாமானை ஆட்டோவுல ஏத்தறப்ப ஃபோன் என் கையில இருந்துச்சு. அவரு பார்த்தாரு. கேக்கல. புது நம்பர் வாங்கி லாரியில மாத்தி எழுதிக்கிட்டாரு. நம்பர்ல என்ன இருக்குன்னு நினைச்சுட்டாரு பாருங்க.

முதல் மூணு மாசம் நான் மனுஷியா இல்ல. பழக்கத்துல ரெண்டு பேருக்கு அரிசி போடுவேன். மிச்சத்தை மறுநாள் நானே தின்னுவேன். பேச ஆள் இல்ல. கீழ் வீட்டம்மா ஒரு வாரம் கேட்டாங்க, அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டாங்க. பொண்ணு ஃபோன் பண்ணினா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பாத்திரம் கழுவறா, எனக்குச் சத்தம் கேக்கும். நகையில ஒரு ஜோடி வளையல் பேங்குக்குப் போச்சு. வேலைக்குப் போலாம்னு பக்கத்துல சூப்பர் மார்க்கெட்டுல கேட்டேன். "உங்க வயசுக்கு நின்னுக்கிட்டே இருக்க முடியாதும்மா"ன்னு அந்தப் பையன் மரியாதையாத்தான் சொன்னான். ரூமுக்கு வந்து படுத்து அழுதேன்.

அன்னைக்குத்தான் ஃபோன் வந்துச்சு. ஜெயலட்சுமி நகர்ல ஒரு டீச்சரம்மா. "கோமளா, சம்ப் காலி. ரெண்டு லோடு அனுப்பு." நான் பாட்டுக்கு, "ஒம்பதாயிரம் லிட்டர் லாரியா, பன்னெண்டாயிரமா"ன்னு கேட்டு எழுதிக்கிட்டேன். ஃபோனை வெச்சப்புறம்தான் உறைக்குது, என்கிட்ட லாரி எங்க இருக்கு. அவருகிட்ட சொல்லலாம். சொன்னா அவருக்குக் காசு. நான் ஏன் சொல்லணும்?

மோசஸ்னு ஒருத்தரு, பெரும்பாக்கத்துல லாரி வெச்சிருக்காரு. எங்களுக்குப் போட்டி. பத்து வருஷமா நான் அவரோட வாடிக்கையை எல்லாம் பிடிச்சு எங்க பக்கம் இழுத்திருக்கேன். அவருக்கே ஃபோன் போட்டேன். "கோமளாம்மாவா"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு, நம்ப முடியல. லோடுக்கு நூத்தம்பது ரூபா எனக்குன்னு பேசினோம். டீச்சரம்மா வீட்டுக்கு மோசஸ் லாரி போச்சு. அவங்களுக்கு எந்த லாரியா இருந்தா என்ன, நான் அனுப்பினது, அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி நல்லா சாப்பிட்டேன்.

அந்த வெயில் காலம் வந்துச்சு பாருங்க. மார்ச் பாதியிலயே கிணறெல்லாம் அடி தெரிஞ்சுது. ஒரு நாளைக்கு எழுபது எண்பது ஃபோன். எல்லாம் என் நம்பருக்கு. ஒண்ணு விடாம மோசஸுக்குக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரரோட மூணு லாரியும் சும்மா ஆலமரத்தடியில நிக்குதுன்னு பச்சையப்பன் மூலமா கேள்விப்பட்டேன். ஒரு நாள் பஸ்ஸுல போறப்ப நானே பார்த்தேன். மூணும் வரிசையா நிக்குது. பஸ் சிக்னல்ல நின்னப்ப நல்லா திரும்பிப் பார்த்துக்கிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் வந்தாரு. என் ரூம் வாசல்ல. பிரிஞ்சப்புறம் முதல் தடவை. இளைச்சிருந்தாரு. உள்ள வாங்கன்னு நான் சொல்லல.

"அந்த நம்பரைக் குடு கோமளா"ன்னாரு.

"அது என் பேர்ல இருக்கு."

"தொழில் நம்பர் அது."

"உங்க தொழிலுக்குத்தான் புது நம்பர் எழுதியிருக்கீங்களே, சிவப்புல, பெருசா."

"எவ்வளவு வேணும்?"

"காசு வேணாம். ஒரே ஒரு கேள்வி. ஏன் என்னை வேணாம்னு சொன்னீங்க? அதை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இப்பவே சிம்மைக் கழட்டிக் கையில குடுத்துடறேன்."

சத்தியமா குடுத்திருப்பேன்மா. அந்த நிமிஷம் குடுத்திருப்பேன். அவரு நின்னாரு. வாயைத் திறந்தாரு. அந்த நேரம் பார்த்து நான், "அப்ப உங்க அம்மா படுக்கையில கிடந்தப்ப யாரு பார்த்தா, உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு யாரு வளையல் போச்சு"ன்னு கேட்க ஆரம்பிச்சேன். கேட்க வேண்டியதுதானே, நியாயமான கேள்விதானே. ஒவ்வொண்ணா கேட்டேன். ஒரு இருபது நிமிஷம் இருக்கும். நான் முடிக்கறப்ப அவரு பாதிப் படி இறங்கியிருந்தாரு. பதிலே சொல்லல. சொல்ல பதில் இருந்தாத்தானே.

அன்னைக்குத்தான் எனக்கு நெஞ்சுல நெருப்பு பிடிச்சுது. அதுவரைக்கும் செஞ்சது எல்லாம் வயித்துப்பாடுன்னு சொல்லலாம். அப்புறம் செஞ்சது அப்படியில்ல. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஒரு பெரிய அபார்ட்மென்ட், நூத்தறுபது வீடு. அது ஒண்ணு மட்டும் அவருகிட்ட நேரா தண்ணி வாங்கிட்டிருந்துச்சு. அந்த அசோசியேஷன் செகரட்டரி என்கிட்ட வேற விஷயமா பேசினாரு. பேச்சோட பேச்சா சொன்னேன், "சார், அவரு தண்ணி எடுக்கற கிணத்துல நாய் விழுந்து செத்துக் கிடந்துச்சாம், நீங்க குழந்தைங்க இருக்கற இடம், பார்த்துக்கோங்க." அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். நாயும் விழல, ஒண்ணும் விழல.

சாயந்திரத்துக்குள்ள நூத்தறுபது வீட்டு வாட்ஸப்புலயும் அந்த நாய் மிதந்துச்சு. எவனோ எங்கேயோ செத்த நாயோட படத்தை எடுத்துப் போட்டிருக்கான். அதிகாரிங்க வந்து தண்ணியைச் சோதனைக்கு எடுத்துட்டுக் கிணத்துக்குப் பூட்டுப் போட்டாங்க. சோதனையில ஒண்ணும் இல்லன்னு வர்றதுக்கு ஏழு வாரம் ஆச்சு. அதுக்குள்ள வெயிலே முடிஞ்சுபோச்சு. கிணத்துக்காரர் வயசானவரு, அந்த வாடகையிலதான் குடும்பம் ஓடிச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. அவருக்கு வேற ஏதாவது இருந்திருக்கும். எல்லாத்தையும் நான் பார்த்துட்டு இருக்க முடியுமா.

மே கடைசியில ரெண்டு லாரியைக் கடன் குடுத்த கம்பெனிக்காரங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க. மூணாவதை அவரே வித்து டிரைவருங்களுக்குச் சம்பளப் பாக்கி குடுத்தாராம். பச்சையப்பன் என் ரூமுக்கு வந்தான். மோசஸ்கிட்ட சொல்லி ஒரு வேலை வாங்கிக் குடுங்கன்னு கேட்க வந்தானா, திட்ட வந்தானான்னு தெரியல, ரெண்டும்தான். "அண்ணி, நீங்க அண்ணனை அடிச்சீங்க, சரி. பட்டது எங்களுக்கும்தான்"னான். பதினேழு வருஷம் என் கையால சாப்பிட்டவன் பேசற பேச்சா இது? வேலை வாங்கிக் குடுத்தேன். இருந்தாலும் நன்றி கெட்டவன்.

இதுல பாருங்க, ஏப்ரல்லேருந்து எனக்கு ஜீவனாம்சம் வரல. ஏப்ரல் இல்ல, மே இல்ல, ஜூன் இல்ல. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா கோர்ட்டுல ஒத்துக்கிட்ட பணத்தை ஒரு மனுஷன் நிறுத்துவாரு? வக்கீல்கிட்ட போனேன். "அவருக்கு இப்ப வருமானம் இருக்காம்மா"ன்னு கேட்டாரு. அது அவர் பாடு, எனக்குத் தர வேண்டியதைத் தரணும்னேன். மனு போட்டோம்.

இன்னைக்குக் காலையில ஜட்ஜம்மா அவரைக் கேட்டாங்க. "ஏன் கட்டல?" "தொழில் படுத்துடுச்சும்மா." "ஏன் படுத்துச்சு?" அவருக்கு எல்லாம் தெரியும்மா. நாய் விஷயம் யாரு சொன்னதுன்னு அந்த செகரட்டரியே அவருகிட்ட சொல்லியிருக்காரு. அங்க நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மனு அந்த இடத்துலயே போச்சு. என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாரு. "மழை தண்ணி சரியில்லம்மா"ன்னாரு. அவ்வளவுதான்.

எனக்கு அதுதான் தாங்கல. சொல்லியிருக்கலாம்ல? திட்டியிருக்கலாம்ல? நானும் பதிலுக்குக் கேட்க எவ்வளவு வெச்சிருந்தேன். அந்த இடத்துலயும் வாயைத் திறக்கல பாருங்க.

இப்ப எப்படிப் பிழைக்கறாருன்னு கேக்கறீங்களா. அதைச் சொல்லலையே இன்னும். ஆகஸ்ட்லேருந்து மோசஸ்கிட்ட டிரைவரா இருக்காரு. அம்பத்தொம்பது வயசு. மோசஸ் என்னைக் கேட்டுட்டுத்தான் சேர்த்தாரு. "உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே கோமளாம்மா"ன்னாரு. எனக்கு என்ன ஆட்சேபணை, தாராளமா சேர்த்துக்கோங்கன்னேன்.

மோசஸ் லாரிக்கு இப்ப வர்ற லோடு முக்கால்வாசி என் வழியாத்தான். டிரைவருங்க ஒரு வீட்ல ஊத்தி முடிச்சதும் எனக்கு ஃபோன் பண்ணணும். அடுத்த வீடு எதுன்னு நான் சொல்லுவேன். ஒரு நாளைக்கு ஆறு லோடு. ஆறு தடவை அவரு எனக்கு ஃபோன் பண்ணியாகணும். "கோமளா, ஊத்தியாச்சு. அடுத்தது எங்க?" இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாளைக்கு ஆறு தடவை என் பேரை அந்த மனுஷன் சொன்னதில்ல.

நான் உடனே சொல்லிடுவேனா? மத்த டிரைவருங்களுக்கு வீட்டு நம்பரைச் சொல்லிட்டு ஃபோனை வெச்சுடுவேன். அவருக்கு அப்படி இல்ல. அந்த வீட்டுக்காரம்மா யாரு, அவங்க மாமியார் எப்படி, போன தடவை ஹோஸ் எங்க மாட்டிக்கிச்சு, பொண்ணு நேத்து ஃபோன்ல என்ன சொன்னா, எனக்கு முட்டி வலிக்கு எந்த டாக்டர் என்ன எழுதினாரு, எல்லாம் சொல்லுவேன். விலாசத்தைக் கடைசியிலதான் சொல்லுவேன். அவரால ஃபோனை வெச்சுட முடியாது, விலாசம் வேணுமே. லாரியை ஓரங்கட்டிட்டு முழுசும் கேட்டுத்தான் ஆகணும். "உம்"னு சொல்லிட்டிருப்பாரு. வீடு சத்தமா இருக்குன்னாரே, இப்ப லாரியே சத்தமா இருக்கட்டும். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன தண்டனை குடுக்க முடியும், சொல்லுங்க.

இன்னைக்குக் காலையில அவரோட வக்கீல் ஒரு பேப்பர் குடுத்திருக்காரு. வீட்டை வித்துடறாராம். பாக்கி, இனி வரப்போறது எல்லாம் சேர்த்து எனக்கு ஒரே தவணையா பதினெட்டு லட்சம். அதோட முடிஞ்சுது. அவரு வேலையை விட்டுட்டு அரக்கோணத்துல தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல போய் இருந்துக்கறாராம். அங்க ஏதோ ஏரி இருக்காம்.

என் வக்கீல் சொல்றாரு, "கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா, இதுக்கு மேல யாரும் தர மாட்டாங்க." பொண்ணு ஃபோன்ல கெஞ்சறா. "அம்மா, வாங்கி பேங்குல போட்டுட்டு நீயும் நிம்மதியா இரு, அவரையும் விட்டுடு." அவளும் அப்பா பக்கம்தான். பதினெட்டு லட்சம் பெரிய பணம்தான், எனக்குத் தெரியாதா. வளையலை மீட்கலாம். வாடகைக் கவலை போகும். முட்டிக்கு வைத்தியம் பார்க்கலாம்.

நான் முடியாதுன்னு சொல்லப்போறேன். மாசாமாசம்தான் வேணும். டிரைவர் சம்பளத்துல பிடிச்சா நாலாயிரம்தான் வரும்னு வக்கீல் சொல்றாரு. நாலாயிரமே வரட்டும். அவர் கையால, மாசாமாசம், உசுரு இருக்கற வரைக்கும். நீங்களும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கம்மா, மொத்தமா மட்டும் வாங்கிடாதீங்க. மொத்தமா வாங்கினா எல்லாம் முடிஞ்சுபோச்சு, அப்புறம் அவங்களை எங்க போய்ப் பிடிக்கறது?

ஏம்மா அப்படிப் பார்க்கறீங்க? நான் அதிகமா பேசிட்டேனா?

அதோ, என் பேரைக் கூப்பிடறாங்க. வரேன்மா. இது முடிஞ்சு நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு பெரும்பாக்கத்துல மூணு லோடு இருக்கு, அவரைத்தான் அனுப்பறேன். புது வீடு, சந்துக்குள்ள சந்து. வழி சொல்லவே அரை மணி நேரம் ஆகும்.